கிள்ளான் லோரியும் ஜெனீவா விதியும்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கிள்ளானில் தங்கை வீட்டில் மதியச் சாப்பாடு. மீன் குழம்பும் பயத்தங்காய்ப் பொரியலும் முடிந்து, கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் மாப்பிள்ளை விஷயத்துக்கு வந்தார்.

"மச்சான், நீங்க பேப்பர்ல எழுதுறவங்க. இந்தப் பிள்ளைக்கு நீங்களே கொஞ்சம் சொல்லுங்க. எஸ்.டி.பி.எம்.ல நல்லா எடுத்திருக்கா. அக்கவுண்டிங் படின்னா கேட்க மாட்டேங்கிறா. ஏதோ சஸ்டைனபிலிட்டி பாலிசியாம். பாலிசின்னா இன்சூரன்ஸ்தானே? அதை விக்கிறதுக்கு எதுக்கு மூணு வருஷப் படிப்பு?"

"அப்பா, அந்தப் பாலிசி இல்லப்பா!" என்று அடுக்களையிலிருந்து குரல் வந்தது. பிறகு அவளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மாமா, நீங்களாவது அப்பாவுக்குப் புரியற மாதிரி சொல்லுங்க."

அப்பாவும் மகளும் என்னையே பார்த்தார்கள். இந்த இரண்டு மூன்று ஆண்டுகளில் இதே கேள்வியை என்னிடம் கேட்ட பெற்றோர் சிலர் உண்டு. நிலைத்தன்மைக் கொள்கை, ஆளுகை என்று பெயர் வைத்த படிப்புகள் பல்கலைக்கழகங்களில் பெருகி வருகின்றன. பிள்ளைகள் கையேட்டைக் கொண்டுவந்து காட்டுகிறார்கள். அட்டையில் பச்சை இலை, உலக உருண்டை. அதைப் பார்த்த பெற்றோருக்கு மரம் நடுவதும் கடற்கரையில் குப்பை பொறுக்குவதும்தான் நினைவுக்கு வருகிறது. அதற்கு எதற்கு டிகிரி என்று கேட்பதில் தவறில்லை.

நான் ஐக்கிய நாடுகள் சபையிலிருந்து தொடங்கவில்லை. மாப்பிள்ளையின் லோரியிலிருந்து தொடங்கினேன். அவர் இருபது வருடத்துக்கு மேலாகக் கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் இழுப்பவர்.

"மாப்பிள்ளை, 2018ல ஜெஞ்சாரோம் பக்கம், தெலுக் பங்லிமா காராங் பக்கம் எல்லாம் பெட்டி இழுத்தீங்களே, ஞாபகம் இருக்கா?"

அவர் முகம் கொஞ்சம் மாறியது. "ஏன் இல்லாம? அந்த வருஷம் டிரிப்புக்குக் குறைச்சலே இல்ல."

சீனா கதவை மூடிய ஆண்டு

அன்று அவர்களிடம் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

பல ஆண்டுகளாக உலகின் பிளாஸ்டிக் கழிவுக்குப் பெரிய வாங்குபவராக இருந்த நாடு சீனா. 1992 முதல் கணக்குப் பார்த்தால், உலக நாடுகள் ஏற்றுமதி செய்த பிளாஸ்டிக் கழிவில் ஏறக்குறைய 45 விழுக்காடு அங்கேதான் போய்ச் சேர்ந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மக்கள் மறுசுழற்சித் தொட்டியில் ஒழுங்காகப் போட்ட போத்தல்களும் பைகளும் கப்பலேறிச் சீனாவுக்குப் போயின. 2017ல் சீனா, இனி வேண்டாம் என்று அறிவித்தது. 2018 தொடக்கத்தில் தடை அமலுக்கு வந்தது.

கதவு மூடியதால் குப்பை குறையவில்லை. கப்பல்கள்தான் திசை மாறின. மலேசியா, தாய்லாந்து, வியட்னாம், இந்தோனேசியா என்று பெட்டிகள் திரும்பின. 2018ல் மட்டும் மலேசியாவுக்குள் வந்த பிளாஸ்டிக் கழிவு 8 லட்சம் டன்னுக்கு மேல். அந்த ஆண்டு உலகிலேயே அதிகமாக இறக்குமதி செய்த நாடுகளின் வரிசையில் நாம் முன்னணிக்கு வந்துவிட்டோம்.

அதில் முறையான ஆலைகளுக்குப் போனது ஒரு பகுதி. கோலலங்காட் வட்டாரத்தில் செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே, விவசாய நிலங்களில், தகரக் கொட்டகை போட்டு முளைத்த சட்டவிரோத ஆலைகளுக்குப் போனது இன்னொரு பகுதி. உருக்கிக் காசாக்கக்கூடியதை எடுத்துக்கொண்டு மீதியைக் குவித்தார்கள். குவித்ததை எரித்தார்கள், பெரும்பாலும் இரவில். ஜெஞ்சாரோம் மக்கள் முதலில் உணர்ந்தது அந்த நாற்றத்தைத்தான். அதற்குப் பிறகு இருமல், தோல் அரிப்பு, மூச்சுத் திணறல் என்று புகார்கள் வந்தன. கெடா மாநிலத்தின் சுங்கைப்பட்டாணியிலும் இதே கதை நடந்தது. ஊர் மக்களே ஒன்றுகூடி, ஆலைகளைத் தேடிப் போய்ப் படம் எடுத்து, புகார் எழுதி, நாளிதழ்களுக்குச் சொல்லி, ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கிய பிறகுதான் நாடு திரும்பிப் பார்த்தது.

அதே 2018ல்தான், ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கை 2030க்குள் ஒழிக்கும் தேசியத் திட்டமும் வெளியானது. கடையில் நாம் ஒரு பிளாஸ்டிக் பைக்கு 20 காசு கொடுத்துக்கொண்டிருந்தபோது, துறைமுகத்தில் பிளாஸ்டிக் கழிவு கப்பல் கப்பலாக இறங்கிக்கொண்டிருந்தது.

நான் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது மாப்பிள்ளை குறுக்கே பேசவில்லை. அவர் பிறந்தது பந்திங் பக்கத்துத் தோட்டம். அவருடைய அம்மா இன்னமும் அந்தப் பகுதியில்தான் இருக்கிறார். 2018ல் இரவு நேரத்தில் அந்த அம்மா ஜன்னலைத் திறக்கவே மாட்டார், ஈரத்துணியைக் கதவிடுக்கில் அடைத்துவிட்டுத்தான் படுப்பார் என்று தங்கை அப்போதே சொல்லியிருக்கிறாள்.

"நான் இழுத்த பெட்டிக்குள்ள என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியாது மச்சான். சீல் வச்சிருப்பாங்க. பேப்பர்ல பிளாஸ்டிக்குன்னு போட்டிருக்கும். இறக்கிட்டு வந்துடுவேன்" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா வீட்டுக்குப் பின்னால எரிஞ்சதுல நான் இழுத்ததும் இருந்திருக்குமோ?" என்று கேட்டார்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை. யாரிடமும் இருக்காது. அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்கும்படி ஒரு நாட்டின் விதிகளையும் உலகத்தின் விதிகளையும் எப்படி அமைப்பது என்பதைத்தான் உங்கள் மகள் படிக்கப்போகிறாள் என்று சொன்னேன்.

ஒரு பெட்டி, ஐந்து கதவுகள்

முதலில் நாட்டு அளவில் பார்ப்போம். அந்த ஆண்டு ஒரு பெட்டி பிளாஸ்டிக் கழிவு கோலலங்காட் வரை போக எத்தனை அலுவலகங்களைத் தாண்டியிருக்க வேண்டும்?

இறக்குமதி அனுமதி கொடுத்தது புத்ராஜெயாவில் இருக்கும் தேசியத் திடக்கழிவு நிர்வாக இலாகா. துறைமுகத்தில் பெட்டியை விடுவிப்பது சுங்கத்துறை. ஆலை நிற்கும் நிலம் மாநில அரசாங்கத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டது, ஏனென்றால் நம் கூட்டரசு அரசியலமைப்பில் நிலம் என்பது மாநில விவகாரம். தொழில் நடத்த உரிமம் கொடுப்பது ஊராட்சி மன்றம். புகையையும் கழிவுநீரையும் கண்காணிப்பது 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் இயங்கும் சுற்றுச்சூழல் இலாகா, அது கூட்டரசைச் சேர்ந்தது.

மக்கள் புகார் கொண்டுபோனால் ஒவ்வொரு கதவும் அடுத்த கதவைக் காட்டலாம். புகை என்றால் அங்கே போ, நிலம் என்றால் இங்கே வா. இதில் யாரும் பொய் சொல்ல வேண்டியதுகூட இல்லை. ஒவ்வொருவருக்கும் சட்டம் கொடுத்த எல்லை அவ்வளவுதான்.

இன்னும் ஒரு சிக்கல் உண்டு. திடக்கழிவு நிர்வாகத்தை நாடு முழுவதும் ஒரே முறைக்குக் கொண்டுவர 2007ல் சட்டம் 672 இயற்றப்பட்டு, 2011ல் அமலுக்கு வந்தது. ஆனால் எல்லா மாநிலங்களும் அதை ஏற்கவில்லை. ஏற்காத மாநிலங்களில் சிலாங்கூர் ஒன்று. நாட்டின் மிகப் பெரிய துறைமுகமும் ஜெஞ்சாரோமும் இருப்பது அந்தச் சிலாங்கூரில்தான்.

ஆளுகை என்ற சொல்லுக்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது. சட்டம் எழுதுவது ஒரு வேலை. எந்த அதிகாரி, எந்தத் தாளைப் பார்த்து, எந்த நேரத்தில் இல்லை என்று சொல்ல வேண்டும் என்பதை ஒழுங்குபடுத்துவது இன்னொரு வேலை. இரண்டாவது வேலை சரியில்லையென்றால் முதல் வேலை அலமாரியில் தூங்கும்.

தாளைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? உலக வர்த்தகத்தில் ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் எண் உண்டு. பிளாஸ்டிக் கழிவுக்கு 3915. அந்த எண்ணைப் போட்டால் அனுமதி கேட்பார்கள். அதனால் கழிவை வேறு பொருளென்று அறிவித்து உள்ளே கொண்டுவந்த பெட்டிகளும் இருந்தன. கிள்ளான் துறைமுகம் 2023ல் கையாண்டது, 20 அடிப் பெட்டி அளவில் கணக்கிட்டால், 1 கோடியே 40 லட்சத்தைத் தாண்டும். ஒவ்வொன்றையும் திறந்து பார்க்க எந்தச் சுங்கத்துறையாலும் முடியாது. எந்தப் பெட்டியைத் திறப்பது என்று முடிவு செய்ய, தாளில் உள்ள தகவல் உண்மையாக இருக்க வேண்டும். நாலு இலக்க எண் ஒன்றைச் சரியாகப் போட வைப்பதுகூடச் சுற்றுச்சூழல் பாதுகாப்புதான்.

சிங்கப்பூருக்கு வந்த காலிக் கப்பல்

இனி உலக அளவு. இங்கே தங்கை மகள் ஒரு கேள்வி கேட்டாள். "ஒரு நாடு தன் குப்பையை இன்னொரு நாட்டுக்கு அனுப்பக்கூடாதுன்னு யார் மாமா சொல்றது? உலகத்துக்குன்னு போலீஸ் இருக்கா?"

போலீஸ் இல்லை. ஒப்பந்தம் இருக்கிறது. அது பிறந்த காலத்தில் ஒரு கப்பலின் கதை உலகமெங்கும் பேசப்பட்டது.

1986ல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரக் குப்பையை எரித்த சாம்பலை, ஏறக்குறைய 14,000 டன், ஏற்றிக்கொண்டு 'கியான் சீ' என்ற கப்பல் புறப்பட்டது. இறக்க நினைத்த இடத்தில் அனுமதி கிடைக்கவில்லை. நாடு நாடாகச் சுற்றியது. 1988 தொடக்கத்தில் ஹெய்ட்டி நாட்டுக் கடற்கரையில் உரம் என்று சொல்லி ஏறக்குறைய 4,000 டன்னை இறக்கியது. விஷயம் தெரிந்து, திரும்ப ஏற்று என்று அந்நாட்டு அரசாங்கம் உத்தரவிட்டபோது, கப்பல் நழுவிப் போய்விட்டது. பிறகு வழியில் பெயரை மாற்றியது, மறுபடியும் மாற்றியது. அந்த ஆண்டு நவம்பரில் சிங்கப்பூரில் வந்து நின்றபோது சரக்கறை காலி. மீதிச் சாம்பல் நடுக்கடலில் போய்விட்டது.

இப்படிப்பட்ட சம்பவங்கள் கொடுத்த கோபத்தில், 1989 மார்ச்சில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஓர் அனைத்துலக ஒப்பந்தம் உருவானது. ஆபத்தான கழிவுகள் எல்லை தாண்டுவதைக் கட்டுப்படுத்தும் பாசல் ஒப்பந்தம். 1992ல் நடைமுறைக்கு வந்தது. மலேசியா 1993ல் சேர்ந்தது.

அதன் அடிப்படை எளிமையானது. உன் கழிவை என் நாட்டுக்கு அனுப்புவதற்கு முன் எனக்கு எழுத்தில் தெரிவி. நான் சம்மதித்தால் மட்டும் அனுப்பு. ஏமாற்றி அனுப்பி, தவறு அனுப்பியவருடையது என்றால், அந்தக் கழிவு திரும்பப் போவதை அனுப்பிய நாடு உறுதி செய்ய வேண்டும். அதற்கு 30 நாள் என்று கெடுவும் போட்டிருக்கிறார்கள். தவறு இறக்குமதியாளருடையது என்றால் அதை ஒழுங்காக அகற்றும் பொறுப்பு இறக்குமதி செய்த நாட்டின் தலையில். யார் தவறு என்பதை நிரூபிப்பதில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். வழக்கறிஞரும் வேதியியலாளரும் சுங்க அதிகாரியும் ஒரே மேசையில் உட்கார வேண்டிய வேலை அது.

ஆனால் சாதாரண பிளாஸ்டிக் கழிவு நெடுங்காலம் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் சரியாக வரவில்லை. நார்வே கொண்டுவந்த முன்மொழிவின்படி, 2019 மே மாதம் ஜெனீவாவில் கூடிய உறுப்பு நாடுகள் அதைத் திருத்தின. கலப்படமான, அழுக்கான பிளாஸ்டிக் கழிவுக்கும் இனி முன்சம்மதம் தேவை. 2021 ஜனவரி 1 முதல் இது நடப்பில் இருக்கிறது.

அதே 2019 மே மாதக் கடைசியில், அப்போதைய சுற்றுச்சூழல் அமைச்சர் இயோ பீ யின் கிள்ளான் துறைமுகத்தில் பெட்டிகளைத் திறந்துகாட்டி, 60 பெட்டிகளில் இருந்த 3,000 டன் கழிவு வந்த இடத்துக்கே திரும்பும் என்று அறிவித்தார். 2020 ஜனவரிக்குள் 150 பெட்டிகள் 13 நாடுகளுக்குத் திரும்பிவிட்டன. பிரான்சுக்கு 43, பிரிட்டனுக்கு 42, அமெரிக்காவுக்கு 17, கனடாவுக்கு 11. மொத்தம் 3,737 டன். திருப்பி அனுப்பும் செலவு மலேசிய அரசாங்கத்தின் மீது விழவில்லை. கப்பல் நிறுவனங்களும் இறக்குமதி, ஏற்றுமதியாளர்களும்தான் ஏற்றார்கள்.

"அப்போ அனுப்புனவன் தலையிலதான் கட்டுனாங்க. நல்லது" என்றார் மாப்பிள்ளை. இன்சூரன்ஸ் பேச்சு அதற்குள் மறந்துபோயிருந்தது.

தடை போட்டால் முடிந்ததா?

நல்ல கதையாக இங்கேயே முடித்துவிடலாம். ஆனால் இந்தப் படிப்பு தொடங்குவதே இதற்கு அடுத்த பக்கத்தில்தான்.

பாசல் ஒப்பந்தத்தில் அமெரிக்கா கையெழுத்திட்டிருக்கிறது. ஆனால் இன்றுவரை அதை உறுதிப்படுத்தி உறுப்பு நாடாகவில்லை. சுத்தமான, ஒரே வகை பிளாஸ்டிக் கழிவுக்கு முன்சம்மதம் தேவையில்லை என்பதால், சுத்தமானது என்று யார் சொல்வது என்ற கேள்வியும் நின்றது. மலேசியா அதற்கு 2025 ஜூலை 1ஆம் தேதி ஒரு பூட்டுப் போட்டது. பாசல் ஒப்பந்தத்தை ஏற்காத நாடுகளிலிருந்து 3915 எண்ணில் வரும் பிளாஸ்டிக் கழிவுக்குத் தடை. ஏற்ற நாடுகளிலிருந்து வருவதற்கு சிரிம் நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியமும் மலேசியா போன்ற, ஓ.இ.சி.டி. அமைப்பில் இல்லாத நாடுகளுக்குப் பிளாஸ்டிக் கழிவு அனுப்புவதை 2026 நவம்பர் 21 முதல் நிறுத்தச் சட்டம் செய்திருக்கிறது.

இதனால் எல்லாருக்கும் மகிழ்ச்சியா என்றால், இல்லை. முறையாக வரி கட்டி, தொழிலாளர்களுக்குச் சம்பளம் கொடுத்து நடக்கும் மறுசுழற்சி ஆலைகள் இங்கே இருக்கின்றன. அவற்றுக்குச் சுத்தமான மூலப்பொருள் வேண்டும். நம் வீட்டுக் குப்பையில் மீன் முள்ளும் சாம்பார் பாக்கெட்டும் போத்தலும் ஒரே பையில் போகின்றன. அதைப் பிரித்துக் கழுவி எடுப்பதைவிட, வெளிநாட்டிலிருந்து பிரித்து வந்ததை வாங்குவது அந்த ஆலைக்கு மலிவு. இறக்குமதியை நிறுத்து என்று சொல்பவர், நம் வீட்டுக் குப்பையை யார் பிரிப்பது, அதற்கு யார் காசு கொடுப்பது என்றும் சொல்ல வேண்டும். பொருளைத் தயாரித்து விற்ற நிறுவனமே அதன் உறையைத் திரும்பச் சேகரிக்கும் செலவையும் ஏற்கட்டும் என்பது ஒரு யோசனை. அப்படிச் செய்தால் அந்தச் செலவு மளிகைச் சாமான் விலையில் ஏறுமா, ஏறினால் யார் வீட்டில் அது வலிக்கும்? இதற்கெல்லாம் கணக்குப் போட ஆள் வேண்டும்.

உலக அளவில் பார்த்தால் வேலை இன்னும் பாதியில்தான் நிற்கிறது. பிளாஸ்டிக் மாசை ஒழிக்க ஓர் ஒப்பந்தம் வேண்டும் என்று 2022 மார்ச்சில் நைரோபியில் நாடுகள் முடிவு செய்தன. 2024 கடைசியில் தென்கொரியாவின் பூசானில் முடியும் என்றார்கள், முடியவில்லை. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் மறுபடியும் கூடினார்கள், அங்கேயும் உடன்பாடு வரவில்லை. உற்பத்தியையே குறைக்க வேண்டும் என்பது ஒரு தரப்பு. கழிவை ஒழுங்காகக் கையாண்டால் போதும் என்பது எண்ணெய் வளமுள்ள நாடுகள் நிற்கும் மறுதரப்பு. அந்த மண்டபத்தில் ஒரு சொல்லுக்காக நாடுகள் விடிய விடிய மல்லுக்கு நிற்கின்றன. அந்தச் சொல்லின் விளைவு கடைசியில் வந்து இறங்குவது ஜெஞ்சாரோம் போன்ற ஊர்களில்.

எங்கோ ஒரு நாட்டில் கதவு மூடினால் நம் கொல்லைப்புறத்தில் புகை வரலாம் என்பதை 2018 நமக்குக் காட்டியது. அந்தத் தொடர்பைப் புரிந்துகொண்டு பேச, நம் பக்கத்திலும் ஆட்கள் இருக்க வேண்டும். நம் பிள்ளைகளும் அந்த மேசையில் உட்கார வேண்டும் என்று நான் நினைக்கக் காரணம் இதுதான். புகை வந்த தாமான்களிலும் தோட்டப்புறங்களிலும் நம்மவர்கள் வாழ்கிறார்கள். விதி எழுதும் அறைகளில் நம்மவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் கை விரல் போதும் போலிருக்கிறது.

சரி, வேலை கிடைக்குமா?

மாப்பிள்ளை கடைசியில் இந்தக் கேள்விக்கு வந்தார். வரத்தான் செய்வார். கடன் வாங்கிப் படிக்க வைக்கும் தகப்பன் கேட்காமல் யார் கேட்பது?

நேர்மையாகச் சொன்னேன். 'நிலைத்தன்மை அதிகாரி' என்ற பெயர்ப்பலகையோடு ஆயிரக்கணக்கான வேலைகள் காத்திருக்கவில்லை. ஆனால் இந்த அறிவு தேவைப்படும் வேலைகள் கூடிக்கொண்டே போகின்றன. பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட நிறுவனங்கள் தங்கள் சுற்றுச்சூழல் விவரங்களை வெளியிட வேண்டும் என்று புர்சா மலேசியா ஏற்கனவே விதித்திருக்கிறது. 2024 செப்டம்பரில் அறிமுகமான தேசிய நிலைத்தன்மை அறிக்கைக் கட்டமைப்பு, அனைத்துலக நிலைத்தன்மை வெளிப்படுத்தல் தரங்களின் அடிப்படையில் அதை இன்னும் இறுக்குகிறது. முதன்மைச் சந்தையில் 200 கோடி ரிங்கிட்டும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிறுவனங்களுக்கு இது 2025லேயே தொடங்கிவிட்டது. மற்றவர்களுக்குப் படிப்படியாக வரும். பெரிய நிறுவனம் தன்னிடம் பொருள் விற்கும் சிறிய நிறுவனத்திடமும் கணக்குக் கேட்கும். 2026 முதல், ஐரோப்பாவுக்கு இரும்பு, அலுமினியம், சிமெண்டு, உரம் போன்றவற்றை விற்பவர்களும் அதைத் தயாரிக்க எவ்வளவு கரியமிலவாயு வெளியானது என்று காட்ட வேண்டியிருக்கிறது. காட்டியதற்கு ஏற்ப அங்கே இறக்குமதி செய்பவர் காசு கட்ட வேண்டும்.

"பாருங்க மாப்பிள்ளை, நீங்க சொன்ன அக்கவுண்டிங் இதுக்குள்ளயே வந்துடுச்சு" என்றேன். மகள் சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை, ஆனால் தலையை ஆட்டினார்.

இந்தப் பத்தியைப் படிக்கும் பெற்றோருக்கும், வேலையில் இருந்துகொண்டே மேற்படிப்பு யோசிக்கும் இளையவர்களுக்கும் சில வார்த்தைகள்.

சேருவதற்கு முன் பாடத்திட்டத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். சட்டம், பொருளியல், புள்ளிவிவரம் ஆகிய மூன்றும் அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். 'விழிப்புணர்வு', 'தலைமைத்துவம்' என்று தலைப்புகள் மட்டும் நிறைந்திருந்தால் யோசியுங்கள். பயிற்சிக்கு எங்கே அனுப்புகிறார்கள் என்று கேளுங்கள். ஊராட்சி மன்றத்திலோ, ஆலையிலோ, தணிக்கை நிறுவனத்திலோ மூன்று மாதம் இருந்தவர் கற்பது வேறு, விரிவுரை மண்டபத்திலேயே இருந்தவர் கற்பது வேறு. எம்.கியூ.ஏ. அங்கீகாரம் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். இல்லையென்றால் பி.டி.பி.டி.என். கடனே கிடைக்காமல் போகலாம்.

முதல் பட்டத்தில் சட்டமோ கணக்கியலோ வேதியியலோ பொறியியலோ படித்துவிட்டு, முதுகலையில் இதற்கு வருவதும் நல்ல வழிதான். மலேசியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் லெஸ்தாரி கழகம் 1994 முதல் இந்தத் துறையில் இருக்கிறது. சன்வே பல்கலைக்கழகத்தில் ஜெஃப்ரி சாக்ஸ் மையம் இருக்கிறது. வேறு இடங்களும் உண்டு. ஏற்கனவே துறைமுகத்திலோ ஆலையிலோ வங்கியிலோ வேலை செய்கிறவர்களுக்கு ஒரு சாதகம் இருக்கிறது. தாளில் எழுதியிருப்பதற்கும் தளத்தில் நடப்பதற்கும் எவ்வளவு தூரம் என்று அவர்களுக்கு முன்பே தெரியும்.

அன்று மாலை நான் கிளம்பும்போது, மாப்பிள்ளை எந்த முடிவும் சொல்லவில்லை. வாசல்வரை வந்து, "பார்ப்போம் மச்சான்" என்றார். அவ்வளவுதான்.

மூன்று நாள் கழித்து, காலை ஆறு மணிக்குத் தங்கை மகளிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. அவள் அப்பா அவளுக்கு அனுப்பியதை எனக்குத் தட்டிவிட்டிருந்தாள். துறைமுக வாசலில் லோரியில் உட்கார்ந்தபடி, தன் கையில் இருந்த சரக்குத் தாளை அவர் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். கீழே ஒரே வரி: "அந்த 3915 நம்பர் இதுல எங்கம்மா போட்டிருக்கும்?"

இருபது வருடமாக அந்தத் தாளைக் கையில் வாங்கியவர். எண்ணைத் தேடிப் பார்த்தது அன்றுதான்.

அவள் விண்ணப்பம் போட்டுவிட்டாள். படிவத்தில் தகப்பன் கையெழுத்தும் இருக்கிறது.